குச்சிக்கிழங்குக் காட்டில் மாவுப்பூச்சி: எண்ணி, வேகம் கண்டு, முடிவெடுப்பது எப்படி?

ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல், வாழப்பாடி பக்கம் மாசி, பங்குனியில் வெயில் ஏறியதும் எல்லாக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டிலும் ஒரே கேள்விதான்: கொழுந்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது, மருந்து அடிக்கலாமா? இன்று எத்தனை பூச்சி இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அது எந்த வேகத்தில் பெருகுகிறது, அந்த வேகம் கூடுகிறதா குறைகிறதா, குறைந்தால் எதனால் குறைகிறது என்ற மூன்றும் தெரிந்தாக வேண்டும். கொழுந்துக்கு நாற்பது பூச்சி இருந்தும் மருந்தே தேவைப்படாத காடு உண்டு. ஐந்தே பூச்சி இருந்தும் உடனே இறங்க வேண்டிய காடும் உண்டு.

வாரம் ஒரு மணி நேரம் செலவழித்தால் இந்த மூன்றையும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். வேண்டிய சாமான் கொஞ்சம்தான்: பத்து மடங்கு லென்ஸ், நோட்டு, சிவப்பு உல்லன் நூல், சின்ன ஓவியத் தூரிகை, சில பிளாஸ்டிக் டப்பா, நெருக்கமாக நெய்த மெல்லிய துணி. வேளாண் படிப்பு மாணவர்கள் செய்முறைப் பாடத்துக்கும் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் எந்தப் பூச்சி என்று பாருங்கள்

கள்ளிப்பூச்சி, மாவுப்பூச்சி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நம் குச்சிக்கிழங்கில் குறைந்தது மூன்று வகை வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரி வேறு. இங்கே தவறினால் பின்னால் செய்வது அத்தனையும் வீண்.

மரவள்ளி மாவுப்பூச்சியான பெனகாக்கஸ் மானிஹாட்டிதான் இப்போது பெரிய தொல்லை. மேல்மாவைத் தூரிகையால் துடைத்தால் உடல் இளஞ்சிவப்பாக இருக்கும். நீண்ட வால் கிடையாது. இது கொழுந்தையே பிடிக்கும். உறிஞ்சும்போது செலுத்தும் உமிழ்நீரால் கணுக்களுக்கு இடையே நீளம் குறைந்து, இலை சுருங்கி, நுனி முட்டைக்கோஸ் போலக் குவிந்துவிடும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2020இல் கேரளத்தில் திருச்சூர் பக்கம் முதலில் தென்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் வட்டாரங்களுக்கு வந்தது.

பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. உடல் மஞ்சள், நசுக்கினால் வரும் சாறும் மஞ்சள். ஆல்கஹாலில் போட்டு வைத்தால் ஓரிரு நாளில் கருநீலமாக மாறும். சந்தேகம் வந்தால் இந்தச் சோதனையே போதும். மூன்றாவது வரிமாவுப்பூச்சி. முதுகில் இரண்டு கருங்கோடும் பின்னால் இரண்டு நீண்ட வாலும் இருக்கும். இதைப் பார்த்துப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி நாம் பேசப்போவது இளஞ்சிவப்புப் பூச்சியைப் பற்றி. இதில் ஆண் இல்லை, எல்லாமே பெண்தான். இணை சேராமலே ஒன்று சில நூறு முட்டை இடும். காற்றில் பறந்து வந்த ஒரே ஒரு குஞ்சு போதும், ஒரு புதுக் கூட்டம் உருவாகிவிடும். அதனால்தான் தொடக்கத்தில் இதன் பெருக்கம் வட்டிக்கு வட்டி போல ஏறுகிறது.

எண்ணும் முறை

90க்கு 90 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 5,000 செடி. எல்லாவற்றையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். இரண்டு வகைக் கணக்கு தனித்தனியாக எடுக்க வேண்டும். பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

முதல் கணக்கு, பரவல். காட்டுக்குள் கோணல் மாணலாக நடந்து 40 செடியைப் பாருங்கள். செடிக்கு ஒரு கொழுந்து, மேல் 10 சென்டிமீட்டர். பூச்சி உண்டா இல்லையா, அவ்வளவுதான் குறிக்க வேண்டும். 40இல் பத்துச் செடி வரப்போரத்தில் இருக்கட்டும், முப்பது உள்ளே இருக்கட்டும், இரண்டையும் தனியாக எழுதுங்கள். காற்று வரும் பக்கத்து வரப்பில்தான் பெரும்பாலும் முதலில் ஏறும். வரப்பில் பாதிச் செடியில் பூச்சி இருந்து உள்ளே ஒன்றுமில்லை என்றால் அது இன்னும் கையடக்கமான நிலைதான். ஒவ்வொரு வாரமும் வேறு வேறு செடியைப் பாருங்கள். கண்ணுக்குப் பட்ட வெள்ளைக் கொழுந்தைத் தேடிப் போகாதீர்கள். பத்தடிக்கு ஒரு செடி என்று காலடி வைத்து, கை எட்டும் செடியை எடுங்கள்.

இரண்டாம் கணக்கு, பெருக்கம். பூச்சி உள்ள 20 கொழுந்தைத் தேர்ந்து, கீழே தண்டில் சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்கும்போது வெட்டிவிடும். நூலுக்கு மேலே உள்ள பூச்சியை வாரம் ஒருமுறை, அதே கிழமையில், அதே ஆள் எண்ண வேண்டும். ஆள் மாறினால் எண்ணிக்கையும் மாறும். முட்டைப் பையை எண்ண வேண்டாம். அப்போதுதான் பொரித்த குஞ்சு மண்துகள் அளவுதான் இருக்கும், அதையும் விட்டுவிடுங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் வளர்ந்த குஞ்சும் தாய்ப்பூச்சியும் மட்டும் போதும். நூறைத் தாண்டினால் கொழுந்தைக் கால் காலாகப் பிரித்து, ஒரு காலை எண்ணி நான்கால் பெருக்குங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கொழுந்தில் வெள்ளை மயிர் நீட்டிக்கொண்டு பூச்சியை விடப் பல மடங்கு பெரிதாக ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தால் அதைத் தாய்ப்பூச்சி என்று எண்ணிவிடாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்று வாழ்வது, அதன் வேடத்திலேயே இருக்கும். மாவுப்பூச்சி 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும், தொட்டால் மெதுவாகத்தான் நகரும். இந்தப் புழு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும், தொட்டால் விறுவிறுவென்று ஓடும். லென்ஸில் பார்த்தால் முன்னால் ஆறு கால் தெளிவாகத் தெரியும். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898இல் காப்பிச் செடியின் செதில் பூச்சிக்காகத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு இது. ‘பெரிய மாவுப்பூச்சி வந்துவிட்டது’ என்று பதறி இதைக் கொல்லுவது நம் பக்கம் வழக்கமாக நடக்கும் தவறு. குரங்கு முகம் போலக் கூட்டுப்புழு கொண்ட ஸ்பால்கிஸ் வண்ணத்துப்பூச்சியின் புழுவும் இப்படித்தான் மாவு பூசிக்கொண்டு மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள்ளேயே மேயும். இவற்றை நோட்டில் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

வேகத்தைக் கணக்கிடுவது

20 கொழுந்தின் எண்ணிக்கையையும் கூட்டி ஒரே மொத்தமாக எடுங்கள். கொழுந்துக்குக் கொழுந்து விகிதம் போட்டு அதன் சராசரியை எடுக்கக் கூடாது. இரண்டு பூச்சி இருந்த கொழுந்து இருபதாகிவிட்டால் அது ஒன்றே கணக்கைக் குலைத்துவிடும். இந்த வார மொத்தத்தைப் போன வார மொத்தத்தால் வகுத்தால் வாரப் பெருக்கம் கிடைக்கும். இரட்டிப்பு நாள் வேண்டுமென்றால் 4.85ஐ அந்த விகிதத்தின் இயல் மடக்கையால் வகுக்க வேண்டும். செல்போன் கால்குலேட்டரைப் படுக்க வைத்தால் ‘எல்என்’ பொத்தான் வரும். கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு: வாரத்துக்கு 3 மடங்கு என்றால் நாலரை நாளில் இரட்டிக்கிறது. 2 மடங்கு என்றால் 7 நாள். ஒன்றரை மடங்கு என்றால் 12 நாள். 1.2 மடங்கு என்றால் கிட்டத்தட்ட 27 நாள்.

எடுத்துக்காட்டாக, நான்கு வாரத்து மொத்தம் 120, 300, 540, 700 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் ‘ஏறிக்கொண்டே போகிறதே’ என்று பயம் வரும். விகிதத்தைப் பாருங்கள்: 2.5, 1.8, 1.3. இரட்டிக்கும் காலம் 5 நாளிலிருந்து 8 நாளாகி, 19 நாளாக நீண்டுவிட்டது. முதல் வார வேகத்திலேயே போயிருந்தால் நான்காம் வாரம் 1,875 இருந்திருக்க வேண்டும், இருப்பதோ 700தான். ஏதோ ஒன்று பிரேக் போடுகிறது. அந்த பிரேக் எது என்பதுதான் இனி வேலை.

வேகம் எதனால் குறைகிறது?

நான்கு காரணம் இருக்கலாம், நான்கும் வேறு வேறு முடிவுக்குக் கொண்டு போகும்.

முதலாவது, இடமும் சாறும் தீர்ந்துபோவது. கொழுந்து முழுவதும் அப்பிக்கொண்டு, இலை கருகி, பூச்சி ஒன்றன் மேல் ஒன்று கிடந்தால் அந்தக் கொழுந்து அதற்கு மேல் தாங்காது. குஞ்சுகள் காற்றில் பக்கத்துச் செடிக்குப் போகத் தொடங்கும். நூல் கட்டிய கொழுந்தில் எண்ணிக்கை நின்றுவிடும், ஆனால் 40 செடிப் பரவல் கணக்கு எகிறும். இரண்டு கணக்கும் தனித்தனியாக வேண்டும் என்று சொன்னதன் காரணம் இதுதான். இந்த நிலையில் மருந்து அடித்தவர்கள் அடுத்த வாரம் எண்ணிக்கை விழுவதைப் பார்த்து மருந்து வேலை செய்தது என்று நம்பிவிடுகிறார்கள். பட்டினியால் தானாகவே விழுந்திருக்கும்.

இரண்டாவது, மழை. ஒரு நல்ல கோடை மழை ஏராளமான குஞ்சைக் கழுவித் தள்ளிவிடும். மழை பெய்த தேதியை நோட்டில் கட்டாயம் எழுதுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த எண்ணிக்கையை வைத்து எந்த மருந்தையும், எந்தக் குளவியையும் புகழவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம்.

மூன்றாவது, தின்னிகள்: மேலே சொன்ன பொறிவண்டு, ஸ்பால்கிஸ், பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி. பூச்சி அதிகம் உள்ள இடத்துக்கு இவை வரும், தின்று தீர்த்ததும் போய்விடும். கொழுந்துக்கு இரண்டு மூன்று பூச்சி இருக்கும் காலத்தில் இவற்றை நம்ப முடியாது.

நான்காவதுதான் நாம் எதிர்பார்ப்பது, அனகைரஸ் லோபேசி என்ற ஒட்டுண்ணிக் குளவி. ஆப்பிரிக்காவில் 1970களில் இதே மாவுப்பூச்சி மரவள்ளியை நாசமாக்கியபோது, பராகுவேயில் 1981இல் கண்டெடுத்து அங்கே கொண்டுபோய் விட்ட குளவி இதுதான். அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். இந்தியாவுக்கு பெனினிலிருந்து பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் இதைத் தருவித்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து வெளியிட்டது.

இது எப்படி வெல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பொறுமை வரும். பெண் குளவி மாவுப்பூச்சிக்குள் ஒரு முட்டை வைக்கும். சின்னக் குஞ்சுக்குள் வைத்தது பெரும்பாலும் ஆணாகவும், பெரியதற்குள் வைத்தது பெண்ணாகவும் வரும். உள்ளே புழு தின்று வளர, மாவுப்பூச்சி உப்பி, பழுப்பாகி, பீப்பாய் வடிவில் இறுகிவிடும். இதை மம்மி என்கிறோம். நம் வெயிலில் இரண்டிலிருந்து மூன்று வாரத்துக்குள் புதுக் குளவி ஓட்டை போட்டு வெளியே வரும். மாவுப்பூச்சிக்கு ஒரு தலைமுறை ஏறத்தாழ ஒரு மாதம். அதாவது குளவியின் தலைமுறை குட்டை. ஆனால் குளவி தொடங்குவது சிறு எண்ணிக்கையில். ஆகவே குளவி வந்த பிறகும் மூன்று, நான்கு வாரம் பூச்சி ஏறிக்கொண்டேதான் இருக்கும், விகிதம் மட்டும் குறையும். அந்த இடைவெளியில் பொறுக்க முடியாமல் மருந்தடித்தால் குளவி மொத்தமாகச் செத்துவிடும். முட்டைப் பைக்குள் இருக்கும் மாவுப்பூச்சி தப்பித்து, எதிரியே இல்லாத காட்டில் பழைய இரண்டரை மடங்கு வேகத்தில் திரும்ப வரும்.

ஏற்காடு போன்ற குளிர்ந்த உயரத்தில் இரண்டுமே மெதுவாக வளரும். மேலே சொன்ன நாட்கணக்கை அங்கே அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. அடிவாரத்துக்கும் சமவெளிக்கும்தான் அது பொருந்தும்.

மம்மிக் கணக்கு

நூல் கட்டாத செடிகளிலிருந்து 10 கொழுந்தை வெட்டி வாருங்கள். ஓட்டை இல்லாத மம்மி எத்தனை, உயிருள்ள வளர்ந்த குஞ்சும் தாயும் எத்தனை என்று பாருங்கள். மம்மியை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒட்டுண்ணி விழுக்காடு. ஓட்டை விழுந்த பழைய மம்மி செடியிலேயே ஒட்டிக் கிடக்கும். அதைச் சேர்த்தால் கணக்கு பொய்யாக உயரும். மறுபக்கம், குளவி முட்டை வைத்தும் இன்னும் இறுகாத பூச்சி உயிருள்ளதாகவே தெரியும். ஆகவே காட்டில் பார்க்கும் விழுக்காடு எப்போதுமே உண்மையை விடக் குறைவு.

துல்லியம் வேண்டுமானால் கொழுந்தின் வெட்டிய முனையில் ஈரப் பஞ்சு சுற்றி டப்பாவில் வைத்து, வாயைத் துணியால் கட்டி மூன்று வாரம் நிழலில் வையுங்கள். டப்பா அடியில் டிஷ்யூ காகிதம் போடாவிட்டால் ஈரம் கோத்துப் பூசணம் பிடித்து எல்லாம் அழுகிவிடும். பொறிவண்டுப் புழு உள்ளே இருந்தால் எடுத்துவிடுங்கள், ஒன்று இருந்தாலே மற்றதைத் தின்றுவிடும். துணி விஷயத்தில் கவனம்: குளவி ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். கொசுவலைக் கண் வழியாகப் போய்விடும். ஜவுளிக் கடையில் கிடைக்கும் ஆர்கன்சா மாதிரி நெருங்கிய துணி வேண்டும். வரும் குளவியில் பெண்ணின் உணர்கொம்பில் கருப்பும் வெள்ளையும் மாறி மாறி இருந்தால் அது அனகைரஸ். வேறு மாதிரியான குளவியும் வரலாம். நல்ல குளவியையே தாக்கும் இனங்களும் உண்டு, தெரியாததை வெளியே விடாதீர்கள். முடிந்ததும் டப்பாவைக் கொதிநீரில் முக்குங்கள். பூச்சியோடு டப்பாவை வேறு ஊருக்கு எடுத்துப் போகவே கூடாது.

எறும்பைக் கணக்கில் எடுங்கள்

மாவுப்பூச்சி வடிக்கும் தேன் கழிவுக்காகக் கட்டெறும்பும் சித்தெறும்பும் கொழுந்தில் காவல் நிற்கும். குளவி உட்காரப் போனால் விரட்டும், பொறிவண்டுப் புழுவைக் கடித்து இழுக்கும். வடியும் தேனில் கரும்பூசணம் வளர்ந்து இலை கறுக்கும். எறும்பு எவ்வளவு கெடுக்கிறது என்பதை உங்கள் காட்டிலேயே அளந்துவிடலாம்.

ஒரே அளவு பூச்சியுள்ள கொழுந்தாக எட்டு எட்டாக நான்கு குழு எடுங்கள். முதல் குழுவுக்குத் துணிப்பை மாட்டி, தண்டைச் சுற்றிப் பஞ்சு வைத்து முழுதாக மூடுங்கள். இரண்டாவதற்கு அதே பையை, ஆனால் இரண்டு பக்கமும் திறந்து விடுங்கள். மூன்றாவதில் பை வேண்டாம். தண்டைச் சுற்றிக் காகித டேப் ஒட்டி அதன் மேல் கிரீஸ் தடவி எறும்பை மட்டும் தடுங்கள். நேரடியாகத் தண்டில் கிரீஸ் பூசினால் பட்டை வெந்துபோகும். நான்காவது அப்படியே இருக்கட்டும். தொடங்கும் முன் மம்மியையும் தின்னியையும் தூரிகையால் அகற்றுங்கள். பத்தாம் நாள் மூடிய பையைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே முட்டை வாங்கியிருந்த பூச்சி மம்மியாகியிருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பைக்குள்ளேயே குளவி பெருகிவிடும்.

மூன்று வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். மூடிய பைக்கும் திறந்த பைக்கும் உள்ள வித்தியாசம்தான் இயற்கை எதிரிகள் உங்களுக்குச் செய்யும் வேலை. மூடிய பையை வெறும் கொழுந்தோடு ஒப்பிடக் கூடாது. பைக்குள் சூடும் நிழலும் வேறு, மழையும் படாது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் உள்ள வித்தியாசம் எறும்பின் பங்கு. கிரீஸ் வளையம் பொய்த்துப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பக்கத்துச் செடி இலையோ உயர்ந்த புல்லோ தொட்டுக்கொண்டு எறும்புக்குப் பாலமாகிவிடும்.

முடிவெடுப்பது

வாரப் பெருக்கம் இரண்டு வாரமாகத் தொடர்ந்து குறைகிறது, மம்மி கூடிக்கொண்டு வருகிறது, பரவல் நிற்கிறது என்றால் கை வைக்காதீர்கள். எறும்புப் புற்றை மட்டும் கவனியுங்கள்.

பெருக்கம் இரண்டுக்கு மேல், மம்மியே இல்லை, பரவல் இன்னும் சில செடிக்குள்தான் என்றால் அந்தக் கொழுந்துகளை வெட்டி சோப்புத் தண்ணீரில் முக்குங்கள், பிறகு எரித்துவிடுங்கள். அதோடு ஏத்தாப்பூர் நிலையத்தில் குளவி கேளுங்கள். ஏக்கருக்கு எத்தனை என்பதைப் பாதிப்பைச் சொல்லி அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, செடிக்கு அடியில் டப்பாவைத் திறந்து, நடந்துகொண்டே விடவேண்டும். ஒரே இடத்தில் கொட்டக் கூடாது.

பெருக்கமும் அதிகம், பரவலும் பாதிக் காட்டைத் தாண்டிவிட்டது, மம்மியும் இல்லை என்றால் 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு, அதாவது 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு, கொஞ்சம் காதி சோப்பு சேர்த்துக் கொழுந்து நனைய அடியுங்கள். காடு முழுக்க வேண்டாம், பூச்சி உள்ள இடத்தில் மட்டும். அதற்கும் அடங்காமல் இரசாயனம்தான் என்றால் எது, எவ்வளவு என்று நிலையத்தில் எழுதி வாங்குங்கள். அடித்த பிறகு குளவி விடுவதற்கு இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும்.

மம்மி உள்ள கொழுந்தை வெட்டி எரிப்பது மட்டும் வேண்டாம். அட்டைப் பெட்டியில் போட்டு ஒளி புகாமல் மூடி, ஒரு பக்கம் ஓட்டை போட்டு கண்ணாடிக் குப்பியைச் செருகுங்கள். வெளிவரும் குளவி வெளிச்சத்தைப் பார்த்துக் குப்பிக்குள் வரும், அதை எடுத்துப் போய் விடலாம். வலைப் பெட்டியில் வைத்துக் காட்டில் தொங்கவிடும் யோசனை இங்கே உதவாது. குளவி வெளியேறும் கண் வழியாக அதைவிடச் சிறிய பூச்சிக் குஞ்சும் வெளியேறிவிடும்.

ஊடுபயிராகச் சின்ன வெங்காயம் போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெங்காயத்தில் இலைப்பேனுக்கு அடிக்கும் மருந்து ஒன்றே மேலே குச்சிக்கிழங்கில் இருக்கும் குளவியைத் துடைத்துவிடும். காட்டில் குளவி நிற்கவே மாட்டேன் என்கிறது என்று சொல்பவர்கள் முதலில் வெங்காயத்துக்கு என்ன அடித்தோம், எப்போது அடித்தோம் என்று பார்க்க வேண்டும்.

கிழங்கு பிடுங்கிய பிறகு

அடுத்த நடவுக்குக் கரணை (நடுவதற்கான குச்சித் துண்டு) வெட்டும்போதுதான் பூச்சி ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகிறது. பரவல் கணக்கில் சுத்தமாக வந்த பகுதியிலிருந்து மட்டும் குச்சி எடுங்கள். 15 சென்டிமீட்டர் கரணையில் எட்டு முதல் பத்துக் கணு இருக்கும். கணு மொட்டின் இடுக்கில்தான் குஞ்சு ஒளிந்திருக்கும், லென்ஸ் வைத்து அங்கே பாருங்கள். நுனிப் பச்சைத் தண்டைக் கழித்துவிடுங்கள். வெளியிலிருந்து வாங்கும் குச்சியை வந்த அன்றே காட்டோரம் அடுக்காமல், பார்த்துப் பிரித்த பிறகே உள்ளே கொண்டுவாருங்கள். பிடுங்கிய காட்டில் தானாக முளைக்கும் செடியை விட்டுவைத்தால் பூச்சி அதிலேயே காத்திருந்து புது நடவுக்கு ஏறும். மழை முடிவதற்குள் அவற்றைப் பிடுங்கிவிட்டு, பிடுங்கும்போதே எத்தனை செடியில் பூச்சி இருந்தது என்பதையும் நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த மாசியில் அந்த எண்ணிலிருந்துதான் உங்கள் கணக்கு தொடங்கும்.